நான் கொடுத்தனுப்பிய செல்கள்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று குன்னூரில் எங்கள் ஆய்வகத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நானும் அதை மறுத்ததில்லை. இருபத்திரண்டு வருடமாகச் செல் வங்கி என் பொறுப்பில் இருக்கிறது. பெயர்தான் வங்கி. ஒரு சின்ன அறை, திரவ நைட்ரஜன் நிரப்பிய இரண்டு தொட்டிகள், அவற்றுக்குள் விரல் நீளக் குப்பிகளில் உறைந்து கிடக்கும் செல்கள், அவ்வளவுதான். மனிதக் கல்லீரலிலிருந்தோ குரங்கின் சிறுநீரகத்திலிருந்தோ யாரோ எப்போதோ எடுத்து, உணவு கொடுக்கிற வரைக்கும் பெருகிக்கொண்டே இருக்கும்படி வளர்த்துவிட்ட செல்கள். மருந்தையோ நோயையோ ஆராய்கிறவர்களுக்கு இவை இல்லாமல் வேலை ஓடாது. கேட்டு வருகிறவர்களுக்கு எடுத்துக் கொடுப்பதும், கொடுத்ததை எழுதி வைப்பதும் என் வேலை.

முறைப்படி என்றால் இதற்கு ஒரு படிவம் உண்டு. இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டு, உறைந்த குப்பியை உலர்பனியில் வைத்து, கூரியரில் அனுப்ப வேண்டும். நடப்பது வேறு. கோயம்புத்தூரிலிருந்து ஒரு போன் வரும். "மேடம், எங்க கல்லீரல் செத்துப்போச்சுங்க, ஒரு பிளாஸ்க் கிடைக்குமுங்களா?" என்பார்கள். மறுநாள் காலை மேட்டுப்பாளையம் பஸ்ஸில் ஒரு ஆள் வந்து இறங்குவார். படிவம் அதற்கு அடுத்த வாரம் வரும், சில சமயம் வராது.

உயிரோடு இருக்கும் செல்களைப் பஸ்ஸில் கொண்டுபோவதற்கு மலையில் எங்களுக்கென்று ஒரு வழி இருக்கிறது. பிளாஸ்க் என்பது ஒரு தட்டையான பிளாஸ்டிக் புட்டி, செல்கள் அதன் தரையில் ஒட்டிக்கொண்டிருக்கும். கொண்டை ஊசி வளைவுகளில் உள்ளிருக்கும் திரவம் ஒரு பக்கம் சாய்ந்தால் மறுபக்கம் காய்ந்துவிடும். அதனால் மீடியம் எனப்படும் அந்த இளஞ்சிவப்பு உணவுத் திரவத்தைக் கழுத்து வரை நிரப்பி, மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, கம்பளித் துணியில் சுருட்டி, ஸ்வெட்டருக்குள் வயிற்றோடு வைத்துக்கொள்ள வேண்டும். சமவெளியிலிருந்து வருகிறவர்கள் ஸ்வெட்டர் இல்லாமல்தான் வருவார்கள். என்னுடையதைக் கழற்றிக் கொடுத்து, திருப்பி அனுப்பாவிட்டால் அடுத்த தடவை செல் கிடையாது என்று சொல்லி அனுப்புவேன். ஒரு கண்டக்டர், ரோஸ் மில்க்கை ஏனுங்க வயித்துல ஒளிச்சு வெச்சிருக்கீங்க என்று கேட்டாராம். சிரிப்புக்குச் சொல்லவில்லை, உண்மையிலேயே கேட்டிருக்கிறார்.

இப்படிக் கைமாறிப் போவதை நான் என்றைக்கும் தப்பாக நினைத்ததில்லை. நான் பதிவேடு வைத்திருந்தேன். யார் வாங்கினார்கள், என்றைக்கு, எப்போது உறைய வைத்த குப்பியிலிருந்து, எத்தனையாவது பாசேஜ் என்று எல்லாம் என் கையெழுத்தில் இருக்கும். செல்கள் பிளாஸ்க் நிரம்ப வளர்ந்ததும் பிரித்துப் புது பிளாஸ்க்கில் போடுவோம், அது ஒரு பாசேஜ். எண்ணிக்கை ஏற ஏற செல்லுக்கு வயதாகிறது என்று வைத்துக்கொள்ளலாம். பெண் கொடுத்த இடத்தை விசாரிப்பது போல நான் போன் போட்டு விசாரிப்பேன். எப்படி வளருது, எத்தனையாவது பாசேஜ், கூட வேற ஏதாச்சும் செல் வெச்சு வளக்கறீங்களா? பதில் திருப்தியாக இல்லை என்றால் வாங்கிக் கட்டிக்கொள்வார்கள்.

இந்தக் கதை ஒரு டீச்சரைப் பற்றியது. அரவேணுவிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். ஊட்டியில் ஒரு கல்லூரியில் விலங்கியல் பாடம் எடுக்கிறவர், முனைவர் பட்டத்துக்காக மூன்று வருட லீவில் எங்களிடம் வந்திருந்தார். வயது முப்பத்தெட்டு, பள்ளிக்கூடம் போகும் மகள் ஒருத்தி. நான் அவரை டீச்சர் என்பேன், அவர் என்னை அக்கா என்பார். தேயிலையில் இருக்கும் ஒரு பொருள் கல்லீரல் செல்லை என்ன செய்கிறது என்பது அவருடைய ஆராய்ச்சி. வேலையில் படு சுத்தம். நான் குறை சொல்ல முடியாத கை அந்தக் கட்டடத்தில் அது ஒன்றுதான்.

மூன்றாம் வருடத்தின் கடைசியில் கட்டுரையை ஒரு ஆய்விதழுக்கு அனுப்பினார். அது ஏற்கப்பட்டால்தான் ஆய்வேட்டைப் பல்கலைக்கழகம் வாங்கும். ஜூன் மாதம் லீவு முடிகிறது, அதற்கு மேல் ஒரு நாள்கூடத் தர முடியாது என்று கல்லூரி எழுதிக் கொடுத்துவிட்டது. ஆய்விதழிலிருந்து பதில் வந்தது. கட்டுரை நன்றாக இருக்கிறது, ஆனால் நீங்கள் பயன்படுத்தியது கல்லீரல் செல்தான் என்பதற்குச் சான்று வேண்டும் என்று ஒரு வரி. இப்போதெல்லாம் நல்ல இதழ்கள் இதைக் கேட்கின்றன. செல்லின் டி.என்.ஏ.வைப் பரிசோதித்து, கைரேகை பார்ப்பது போல இது இன்னாருடையது என்று சொல்லிவிடுவார்கள்.

எனக்குச் சுருக்கென்றது. என் தொட்டியிலிருந்து போன செல்லுக்குச் சர்டிபிகேட்டா என்று டீச்சரிடமே கேட்டேன். இருந்தாலும் பெங்களூரில் ஒரு பரிசோதனைக் கூடத்துக்கு மாதிரியை அனுப்பி வைத்தேன். பதினைந்து நாளில் வந்துவிடும், நீங்கள் போய் ஆய்வேட்டுக்கு அட்டை போடுகிற வேலையைப் பாருங்கள் என்றும் சொன்னேன். அவர் அதை நம்பி, பாவம், அட்டைக்கு நிறம்கூடத் தேர்ந்தெடுத்துவிட்டார்.

பதினைந்து நாளில் வந்தது. கல்லீரல் இல்லை. பல வருடங்களுக்கு முன்னால் வெளிநாட்டில் ஒரு பெண்ணின் கருப்பை வாய்ப் புற்றிலிருந்து எடுத்த செல்கள். உலகத்தில் எல்லா ஆய்வகத்திலும் அவை இருக்கின்றன. அவற்றின் வேகத்துக்கு வேறு செல்களால் ஈடுகொடுக்க முடியாது. ஒரு துளி தவறி இன்னொரு பிளாஸ்க்கில் விழுந்தால் போதும், சில வாரங்களில் அந்த பிளாஸ்க் முழுக்க அவைதான் இருக்கும். வெளியே ஒட்டிய லேபிளில் மட்டும் பழைய பெயர் இருக்கும்.

பெங்களூர்க்காரர்கள் மாதிரியை மாற்றிவிட்டார்கள் என்றேன் முதலில். மறுபடி அனுப்பினேன், அதே பதில். அப்புறம் நான் செய்ததைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. டீச்சரைக் கூப்பிட்டு, உங்கள் கைதான் எங்கேயோ பிசகியிருக்கிறது என்று இருபது நிமிடம் பேசினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அந்த அமைதியை நான் அப்போது ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டேன்.

ஆனால் சந்தேகத்தைச் சந்தேகமாகவே விட்டுவைக்கிற ஆள் இல்லை நான். டீச்சருக்குக் கொடுத்த குப்பியோடு அதே நாளில் உறைய வைத்த குப்பிகள் இன்னும் தொட்டியில் இருந்தன. அவர் தொட்டே பார்க்காதவை. அதில் ஒன்றை எடுத்து அனுப்பினேன். அதுவும் கருப்பை வாய்ச் செல்தான். ஆக, பிசகியது டீச்சரின் கை இல்லை. அவரிடம் போய் அதைச் சொன்னேன். "சரிங்கக்கா" என்று மட்டும் சொன்னார்.

பதிவேட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கல்லீரல் செல்கள் எங்களுக்கு ஒரு பெரிய சேமிப்பகத்திலிருந்து சான்றிதழோடு வந்தவை. வந்தவுடன் நான் உறைய வைத்தது முதல் உறைவு. அது தீர்ந்துகொண்டு வந்தபோது, ஒரு குப்பியை எடுத்து வளர்த்துப் பெருக்கி மறுபடி உறைய வைத்தேன், அது இரண்டாம் உறைவு. டீச்சர் முதல் வருடம் வேலை செய்தது முதல் உறைவில். அந்தச் செல்களுக்கு வயதானதும் இரண்டாம் உறைவிலிருந்து ஒரு புதுக் குப்பி கொடுத்தேன். அடுத்த இரண்டு வருட வேலையும் அதில்தான். முதல் உறைவில் மிச்சமிருந்த குப்பிகளில் ஒன்றை அனுப்பிப் பார்த்தேன். அது சுத்தமான கல்லீரல். அப்படியென்றால் இரண்டு உறைவுகளுக்கும் நடுவில், நான் வளர்த்துக்கொண்டிருந்த அந்தச் சில வாரங்களில்தான் நடந்திருக்கிறது.

அந்த வாரங்களின் வேலை நோட்டை எடுத்துப் பிரித்தேன். வடகிழக்குப் பருவமழை கொட்டி, பர்லியாருக்குக் கீழே ரோடு சரிந்து, ஐந்து நாள் லாரி ஏறி வராத சமயம் அது. கரண்ட் இல்லை. ஜெனரேட்டருக்கு டீசல் குறைவு என்று செல்களை உடல் சூட்டில் வைத்திருக்கும் இன்குபேட்டர்களில் ஒன்றை மட்டும் ஓட்டினோம். மூன்று வகைச் செல்களையும் அதில் நெருக்கி வைத்தேன். கோயம்புத்தூரிலிருந்து வரவேண்டிய மீடியம் வரவில்லை, இருந்தது ஒரே பாட்டில்.

செல் வளர்க்கிற எல்லாருக்கும் முதல் நாளே சொல்லித் தருகிற விதி, ஒரு செல்லுக்கு ஒரு பாட்டில். ஒன்றுக்குத் திறந்த பாட்டிலை இன்னொன்றின் பக்கம் கொண்டுபோகக் கூடாது. வேறு வழியே இல்லை என்றால் பாட்டிலை முதலிலேயே பிரித்து ஊற்றிக்கொள்ள வேண்டும், வேகமாக வளர்கிறதைக் கடைசியில் தொட வேண்டும். இதை மீறியதற்காக நான் ஆட்களை அழ வைத்திருக்கிறேன். நோட்டில் என் கையெழுத்தில், மூன்றுக்கும் ஒரே பாட்டில் என்று எழுதியிருந்தது. வரிசையும் எழுதியிருந்தேன். முதலில் கருப்பை வாய், அடுத்தது கல்லீரல். அவசரத்தில், திரவத்தை உறிஞ்சி ஊற்றும் பிப்பெட்டின் நுனி பிளாஸ்க்கைத் தொட்டுவிட்டு மறுபடி பாட்டிலுக்குள் போயிருக்கும். ஒரு துளி. அதற்கடுத்த பக்கத்தில் இன்னொன்றும் இருந்தது. ரோடு திறந்த பிறகு நடந்த கூட்டத்தில், மூன்று செல்களையும் சாகாமல் காப்பாற்றியதற்காக டைரக்டர் எல்லார் முன்னாலும் என்னைப் பாராட்டினார் என்று பெருமையாகக் குறித்து வைத்திருந்தேன்.

அன்றைக்கு எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. யார் மேல் காட்டுவது என்று தெரியாமல், தொட்டியில் கிடந்த இரண்டாம் உறைவுக் குப்பிகள் அத்தனையையும் எடுத்துக் கொதிக்கும் தண்ணீரில் போட்டேன். ஒன்றை மட்டும் சாட்சிக்கு வைத்துக்கொண்டேன்.

அடுத்தது இரண்டாம் உறைவிலிருந்து செல் போன இடத்துக்கெல்லாம் சொல்ல வேண்டும். செல்லைக் கொடுத்தவள்தான் சொல்ல வேண்டும், வேறு யாருக்கும் அது தெரிய வழியில்லை. பதிவேட்டின்படி மூன்று இடங்கள். டைரக்டர் கடிதம் போதுமே என்றார். கடிதம் மேசையிலேயே கிடக்கும், நானே போன் பண்ணுகிறேன் என்றேன். கொச்சியில் அந்தச் செல்லை உபயோகிக்கவே இல்லையாம், தூக்கிப் போட்டுவிடுகிறோம் என்றார்கள். மைசூரில் ஒரு மாணவர் பதறிப்போய், தன்னிடமிருந்து இன்னும் இரண்டு இடங்களுக்குப் போயிருக்கிறது என்று சொல்லி அந்த நம்பர்களைக் கொடுத்தார். அங்கேயும் பேசினேன். மூன்றாவது, கோயம்புத்தூரில் ஒரு ஆய்வகம். அங்கே என்னைப் போலவே செல்களைப் பார்த்துக்கொள்கிற டெக்னீஷியன் ஒருவர், பத்து வருடமாகப் பழக்கம். என் ஸ்வெட்டரை இரண்டு முறை வாங்கிப் போட்டுக்கொண்டு போனவர்.

விஷயத்தைச் சொன்னேன். தெரியுமுங்க மேடம் என்றார். எப்படித் தெரியும், எப்போதிருந்து தெரியும் என்று கேட்டேன். வாங்கிக்கொண்டு போன ஆறு மாதத்தில் அவர்களே பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். விடை வந்ததும் சத்தமில்லாமல் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, வேறு இடத்தில் வாங்கிக்கொண்டார்கள்.

"ஏன் தம்பி எனக்கொரு வார்த்தை சொல்லல?"

"சொல்லலாம்னுதானுங்க அன்னைக்குப் போன் பண்ணேன். கொஞ்சம் வேகமா வளருதுங்களேன்னு ஆரம்பிச்சேன். மொதல்ல உங்க ஹூட்டைக் கழுவுங்கன்னு பேச ஆரம்பிச்சீங்க. பத்து நிமிசம் பேசுனீங்க மேடம். ரிசல்ட் பேப்பரக் கையில வெச்சுக்கிட்டே கேட்டுட்டு இருந்தேனுங்க. அப்புறம் எதுக்குன்னு போனை வெச்சுட்டேன்."

அப்படி ஒரு போன் வந்ததே எனக்கு நினைவில் இல்லை. செல்களைத் திறந்து வேலை செய்கிற கண்ணாடிக் கூண்டுதான் ஹூட், எத்தனையோ பேரை எத்தனையோ முறை அதைக் கழுவச் சொல்லியிருக்கிறேன். ஆனால் அது எந்த நாள் என்று அவர் சொன்னதும் எனக்குப் புரிந்துவிட்டது. பதிவேட்டில் பார்க்க வேண்டிய அவசியம்கூட இல்லை. டீச்சருக்கு இரண்டாம் உறைவிலிருந்து குப்பி எடுத்துக் கொடுத்ததற்கு மூன்று வாரம் முன்னால். அன்றைக்கு நான் வாயை மூடிக்கொண்டு கேட்டிருந்தால் அந்தக் குப்பி டீச்சர் கைக்குப் போயிருக்காது. இரண்டு வருடம் மிச்சமாகியிருக்கும்.

துளி தவறியது மழையால், அவசரத்தால் என்று எனக்கு நானே ஏதாவது சொல்லிக்கொள்ளலாம். யாருக்கும் நேரக்கூடியது. போனில் நடந்ததற்கு அப்படி எந்தச் சமாதானமும் இல்லை. அதைப் பற்றி அந்தத் தம்பிக்கும் எனக்கும் தவிர யாருக்கும் தெரியாது. அவரும் யாரிடமும் சொல்லப்போவதில்லை. டீச்சரிடம் பாட்டில் விஷயத்தை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளலாம் என்று ஒரு பகல் முழுக்க யோசித்தேன். யோசித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிறகு, போன இடத்தையெல்லாம் தேடிக் கண்டுபிடிக்கிறவள் இந்த ஒன்றை மட்டும் எழுதாமல் விட்டால் அந்தப் பதிவேட்டுக்கு என்ன மரியாதை என்று தோன்றியது.

மறுநாள் மத்தியானம் டீச்சரை என் அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு இரண்டையும் சொன்னேன். வேலை நோட்டைப் பிரித்து அந்தப் பக்கத்தைக் காட்டினேன். கோயம்புத்தூர்த் தம்பி போன் செய்ததையும், நான் அவரைப் பேச விடாததையும் சொன்னேன். உங்களுடைய இரண்டு வருடத்தைத் தின்றது நான்தான் என்றேன். திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன் என்றும் சொன்னேன்.

அவர் திட்டவில்லை. நோட்டில் என் எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மெதுவாகத்தான் பேசினார்.

"எனக்கும் தோணுச்சுங்கக்கா. புதுக் குப்பி எடுத்த மொத மாசமே. பழசு திட்டுத்திட்டா மெதுவாத்தான் வளரும். இது ரெண்டு நாள்ல பிளாஸ்க் பூரா பரவிருச்சு. உங்ககிட்டக் கேக்கோணும்னு இந்த ரூம் வாசல் வரைக்கும் வந்தேனுங்க. உள்ள யாரையோ திட்டிட்டு இருந்தீங்க. அப்படியே திரும்பிப் போயிட்டேன்."

யாரைத் திட்டிக்கொண்டிருந்தேன் என்று எனக்கு நினைவில்லை. அவர் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். மகளுக்கு ஸ்கூல் பஸ் வருகிற நேரம் என்று சொல்லி நாலு மணி அரவேணு பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பினார்.

அதற்குப் பிறகு செய்ய வேண்டியதையெல்லாம் செய்தேன், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. தவறு செல் வங்கியுடையது, ஆய்வாளருடையது அல்ல என்று நானே எழுதிக் கையெழுத்திட்டுப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தேன். ஒரு வருடம் நீட்டித்தார்கள். கல்லூரி லீவை நீட்டிக்கவில்லை. ஜூனில் டீச்சர் ஊட்டிக்கு வகுப்பெடுக்கத் திரும்பிவிட்டார். வார நாட்களில் அவருடைய செல்களுக்கு உணவு மாற்றுவது என் வேலை, சனிக்கிழமை அவர் வந்து பரிசோதனை செய்வார் என்று ஏற்பாடு. முதல் வருட முடிவுகள் நின்றன. அடுத்த இரண்டு வருடத்தில் கிடைத்ததில் பாதி, உண்மையான கல்லீரல் செல்லில் நிற்கவே இல்லை. மிச்சமிருந்ததை வைத்து எழுதிய புதுக் கட்டுரை ஏற்கப்பட்டு, ஒரு வருடம் தள்ளி ஆய்வேடும் போய்ச் சேர்ந்தது. கட்டுரை பழையதை விடச் சின்னது, ஆனால் தைரியமாக மேசைமேல் போட்டுப் பேசலாம். இரண்டாம் உறைவைப் பற்றிக் கட்டுரையில் குறிப்பிட வேண்டாம், உங்களுக்குச் சங்கடம் என்று டீச்சர் சொன்னார். குறிப்பிட்டே ஆக வேண்டும், வேறு யார் தொட்டியிலாவது அதன் பிள்ளைகள் கிடக்கும் என்று நான்தான் பிடிவாதமாக எழுத வைத்தேன்.

ஆனால் எனக்கு மறக்காமல் இருப்பது அந்த ஜூனின் முதல் சனிக்கிழமை. முதல் உறைவிலிருந்து எடுத்த குப்பி வளர்ந்து, திட்டுத்திட்டாக, சோம்பேறித்தனமாக, கல்லீரல் எப்படி வளர வேண்டுமோ அப்படி வளர்ந்திருந்தது. நான் ஹூட்டுக்கு முன்னால் கையுறையோடு உட்கார்ந்து பாட்டிலை எடுத்தேன். பின்னால் டீச்சரும், புதிதாக வந்திருந்த இரண்டு ஆராய்ச்சி மாணவிகளும் நின்றுகொண்டிருந்தார்கள்.

"அக்கா, அது எந்தப் பாட்டிலுங்க?" என்றார் டீச்சர்.

மாணவிகள் இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள், என்ன நடக்கப்போகிறதோ என்று. எனக்குக் கோபம் ஜிவ்வென்று ஏறியது. இருபத்திரண்டு வருடம் என்று ஆரம்பிக்கிற வாக்கியம் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அதை விழுங்குவதற்குக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு பாட்டிலை வெளியே எடுத்து, லேபிள் தெரிகிற மாதிரி அவர் பக்கம் திருப்பினேன்.

"நீங்களே படிச்சுப் பாருங்க டீச்சர்."

அவர் குனிந்து, கண்ணாடியைச் சரி செய்துகொண்டு, செல்லின் பெயர், தேதி, திறந்தவர் பெயர் என்று ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தார். படித்து முடித்துச் சரிங்கக்கா என்று தலையாட்டின பிறகு நான் மூடியைத் திறந்தேன்.